ஹேங் ஆனாலும் ஓடுற அம்பு

டேய் மாப்ள,

உன் மெயில் வந்து நாளாச்சு, பதில் போட முடியல, சின்னவளுக்கு அம்மை போட்டு வீடே ஒரு மாதிரி இருந்துச்சு, இப்ப தண்ணி ஊத்தியாச்சு, நல்லா இருக்கா. தங்கச்சி எப்படி இருக்கு?

கடையில சிஸ்டம் ஹேங் ஆகி எதை அமுக்கினாலும் அசைய மாட்டேங்குது, ஆனா அந்த மவுஸ் அம்பு மட்டும் ஜம்முனு ஓடுதுன்னு கடுப்பா எழுதிருந்தியே, அதை திட்டாதடா. அந்த அம்பு நீ ஸ்கிரீன்ல பாக்குற படத்துலயே இல்ல. போட்டோ பிரேம் கண்ணாடி மேல ஈ ஊர்ற மாதிரிதான், கீழ இருக்க படத்தைத் தொடாம, ஸ்கிரீனுக்குப் படம் அனுப்புற கிராபிக்ஸ் கார்டு அம்பைத் தனியா மேல வச்சு காட்டுது. நம்பலன்னா பிரிண்ட் ஸ்கிரீன் அமுக்கி பெயிண்ட்ல ஒட்டிப் பாரு, சாதாரணமா அம்பு அதுல வராது. கீழ உன் சாஃப்ட்வேர் மூச்சு பேச்சில்லாம கிடந்தாலும் மவுஸ் சொல்றத விண்டோஸ் வாங்கி அம்பை நகத்திக்கிட்டே இருக்கும். அதனால அம்பு ஓடுச்சுன்னா பெரும்பாலும் அந்த ஒரு சாஃப்ட்வேர்தான் மாட்டிருக்கும், கொஞ்சம் பொறு, இல்ல டாஸ்க் மேனேஜர்ல போய் அதை மட்டும் மூடு. அம்பும் சேந்து நின்னுடுச்சுன்னாதான் பவர் பட்டன்ல கை வைக்கணும், நீ எடுத்தவுடனே அங்கதான் போவ!

இன்னொரு கூத்து, மவுசுக்கு அம்பு எங்க இருக்குன்னே தெரியாது. அடியில குட்டி கேமரா ஒன்னு மேஜையை செகண்டுக்கு ஆயிரக்கணக்குல படம் எடுத்து, முன்ன எடுத்ததோட ஒப்பிட்டு, இவ்ளோ வலது இவ்ளோ கீழன்னு மட்டும் சொல்லும், சாதா யுஎஸ்பி மவுஸ்னா செகண்டுக்கு 125 தடவை. மிச்ச கணக்கெல்லாம் கம்ப்யூட்டர் போடுறது, வேகமா இழுத்தா அதே தூரத்துக்கு அம்பு இன்னும் தூரம் பாயுறதும் அங்க நடக்குறதுதான். நீ கல்லாவுல கண்ணாடி போட்டு அது மேல தேய்க்கிறியே, வழவழன்னு இருந்தா கேமராவுக்கு பிடிமானமே கிடைக்காது, ஒரு பேப்பரை விரிச்சுக்கோ. அப்புறம் கிளிக்ல கணக்கு அம்போட நுனியில இருக்க ஒரே ஒரு புள்ளிதான், மிச்சமெல்லாம் நாம பாக்குறதுக்கு.

அம்பு ஏன் சாஞ்சிருக்குன்னு தெரியுமா? 1968ல மவுசைக் கண்டுபிடிச்ச டக்ளஸ் எங்கல்பர்ட் சான் பிரான்சிஸ்கோல அதை ஊருக்குக் காட்டுனப்ப அம்பு நேரா மேல பாத்துதான் இருந்துச்சு. அப்புறம் ஜெராக்ஸ் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடத்துலதான் சாய்ச்சாங்க, அப்ப ஸ்கிரீன்ல புள்ளிங்க கம்மி, ஒரு ஓரம் நேராவும் இன்னொன்னு சரிவாவும் இருந்தா பளிச்சுன்னு தெரியும்னு. அவங்க 1973ல செஞ்ச ஆல்டோங்கிற கம்ப்யூட்டர்லயே அம்புக்கு 16க்கு 16 புள்ளின்னு தனி இடம் இருந்துச்சு. உன் கடை போர்டுல பேர் இருக்கே, அதே ஜெராக்ஸ்தான்டா, நீ அவங்களுக்கு காப்பி மெஷின் மட்டும்தான் தெரியும்னு நினைச்சிருப்ப.

பொங்கலுக்கு ஊருக்கு வர்றியா இல்லையா, டிக்கெட் போடணும், சீக்கிரம் சொல்லு.