அப்பா அம்மாவைக் கூட்டிவரும் தம்பிக்கு

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பாப்பாவின் காதுகுத்துக்கு அப்பாவையும் அம்மாவையும் நீ கூட்டிவருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. என் மாமியார், அதுதான் அத்தை, இப்போதே பின்னறையைக் கழுவிவிட்டு, அப்பாவுக்கு என்று தனி ஈசிசேர் போட்டு வைத்திருக்கிறார்.

நேற்று போனில், "டெபிட் கார்டு ஒன்று இருக்கு, அது போதும்க்கா" என்றாய். அது போதாது. போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். பெட்டி அடுக்கும்போது இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

2022-இல் நான் வந்த புதிதில் நடந்ததை உங்கள் யாருக்கும் சொல்லவில்லை. உன் மச்சானுக்கு அன்று செம்பனை ஆலையில் இரவு வேலை. அத்தைக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியது. பக்கத்துவீட்டு அண்ணன் காரில் கிளினிக்குக் கொண்டுபோனோம். பில் 85 வெள்ளி. (ரிங்கிட்டை இங்கே நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) என் கார்டைக் கொடுத்தேன், எடுக்கவில்லை. மறுபடி செருகினார்கள், அப்போதும் எடுக்கவில்லை. கையில் 20 வெள்ளி. மயக்கம் தெளிந்த அத்தையே சுருக்குப்பையைத் திறந்து பணம் கட்டினார். அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னைத் திட்டவில்லை. அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி பால்மரம் (ரப்பர் மரம்) வெட்ட வந்தவர். இருந்த கொஞ்சக் காசில் பாதியை வேட்டி மடிப்பிலும் மீதியைத் துணிமூட்டைக்குள்ளும் முடிந்து வைத்திருந்தாராம். கப்பலில் மூட்டை காணாமல் போனது, மடியில் இருந்தது பினாங்கு வரை வந்து சேர்ந்தது. "எல்லாத்தையும் ஒரே முடிச்சுல போடாதம்மா" என்றார்.

என் கார்டில் பணம் இருந்தது. ஆனால் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, 2020 அக்டோபரிலிருந்து புதிதாகக் கொடுக்கும் கார்டு இந்தியாவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் திறந்துவிட வேண்டும். வங்கிச் செயலியில் போய், கடை, ஏடிஎம், ஆன்லைன் மூன்றுக்கும் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தனித்தனியாகத் திறந்துவிடு. செலவு வரம்பு எவ்வளவு வைத்திருக்கிறது என்றும் பார். திருச்சியில் விமானம் ஏறுவதற்கு முன்பே இதை முடித்துவிடு. உன் சிம்முக்கு ரோமிங்கையும் போட்டுக்கொள், ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும்.

கார்டு இரண்டு கொண்டு வா, இரண்டும் வேறு வேறு வங்கியாக இருக்கட்டும். ஒன்று விசா என்றால் மற்றது மாஸ்டர்கார்டாக இருந்தால் இன்னும் நல்லது. அப்பாவின் பென்ஷன் கார்டு ரூபே (விசா மாதிரி நம் இந்தியாவின் சொந்தக் கார்டு) என்று நினைக்கிறேன். உள்நாட்டு ரூபே இங்கே செல்லாது. அதை நம்பி அவர் வந்துவிடப் போகிறார், நீ பக்குவமாகச் சொல்.

ஒன்று கிரெடிட் கார்டாக இருக்கட்டும். முதல் நாள் கோலாலம்பூரில் தங்கும்போது ஹோட்டலில் முன்பணம் என்று ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் உன் சொந்தப் பணமே முடங்கி, திரும்பி வரப் பல நாள் ஆகும். வெளிநாட்டவர்களுக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரியும் உண்டு, அதைத் தனியாகக் கேட்பார்கள். உன் மச்சான் வண்டிக்கு நான்தான் பெட்ரோல் போடுவேன் என்று நீ நிற்பாய், எனக்குத் தெரியும். பம்பிலேயே கார்டைச் செருகாதே. 50 வெள்ளிக்கு அடித்தாலும் முதலில் 200 வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே கவுண்டரில் தொகையைச் சொல்லிக் கட்டு.

கிரெடிட் கார்டில் மட்டும் ஏடிஎம்மில் பணம் எடுத்துவிடாதே, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதற்குத்தான் டெபிட் கார்டு. அதிலும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு, அதனால் ஐம்பது ஐம்பதாக எடுக்காமல் ஒரே தடவையில் எடு. இங்கே எங்கள் கார்டுக்கு ரகசிய எண் ஆறு இலக்கம், உன்னுடையது நான்கு. பயப்படாமல் நான்கையும் அழுத்திவிட்டுப் பச்சைப் பொத்தானைத் தட்டு.

வங்கி தனியாக எடுத்துக்கொள்ளும் கூலியையும் கேட்டுக்கொள். வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரைக்கும் போடுகிறார்கள், அந்தக் கூலிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. ஈப்போவில் அம்மாவுக்கு 1,000 வெள்ளிக்கு ஏதாவது வாங்கினால் சுமார் 41 வெள்ளி வரை வீணாகப் போகும். இரண்டில் எதற்குக் கூலி குறைவோ அதைக் கடைக்கு வைத்துக்கொள். இன்னொன்று, மெஷினில் "ரூபாயா, ரிங்கிட்டா" என்று கேட்டால் ரிங்கிட் என்றே சொல். ரூபாய் என்றால் நமக்குப் பழகிய கணக்கு போலத் தோன்றும், ஆனால் அவர்கள் போடும் மாற்று விலையில் நமக்குத்தான் நஷ்டம்.

வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு பற்றிக் கேட்டிருந்தாய். அதில் ரிங்கிட்டாகவே ஏற்ற முடியுமா என்று முதலில் கேள். டாலரில் ஏற்றிவிட்டு இங்கே செலவழித்தால் ரூபாய் டாலராகி, டாலர் ரிங்கிட்டாகி, இரண்டு தடவை அடிபடும். பத்து நாள் பயணத்துக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

கார்டு, கார்டு என்று இவ்வளவு எழுதினாலும் எங்கள் ஊர் தோட்டப்புறத்து ஊர். ஒட்டுக்கடையில் (சின்னச் சாப்பாட்டுக் கடை) ரொட்டி சானாய் சாப்பிட்டு, தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டுக் கார்டை நீட்ட முடியாது. பாசார் மாலம் என்ற இரவுச் சந்தையிலும் கோயில் அர்ச்சனைச் சீட்டுக்கும் அப்படித்தான். கடைக்காரர்கள் கியூஆர் ஒட்டியிருப்பார்கள், நம் ஊர் ஜிபே பழக்கத்தில் அதை நம்பிவிடாதே. திருச்சியிலேயே ஆளுக்கு 300 வெள்ளி மாற்றிக்கொண்டு வாருங்கள், மிச்சத்தை ஈப்போவில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கார்டு உன் பர்ஸில் இருக்கட்டும், மற்றது அம்மாவின் கைப்பையில். வங்கியின் எண்ணை 91 சேர்த்து ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வை. 1800 என்று தொடங்கும் எண் இங்கிருந்து போகாது.

இன்று ராத்திரியே அப்பாவின் கார்டை வாங்கி, மூலையில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பு. அம்மாவிடம் சுண்டைக்காய் வற்றல் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டேன் என்று சொல், அத்தைக்கும் வேண்டுமாம்.

உன் அக்கா