மறந்து வைத்த வெற்றிலைப் பெட்டி

மன்ரோவில்,
மார்ச் 6, 2026

அன்புள்ள காயத்ரி,

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்பாவுக்கு வந்தது. அவருக்கு எப்போதும் வரும். உன்னிடம் நான் பேசியதெல்லாம் சாப்பிட்டாயா, ஓட்டல் ரூமை உள்ளே பூட்டினாயா என்பதோடு சரி. சொல்ல வேண்டியது மறுநாள் காபி போடும்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. வாட்ஸப்பில் இவ்வளவு நீளம் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று போட்டு முடித்துவிடுவாய். அதனால் காகிதம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும்.

நீ கேட்டது இதுதானே? அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு ஆள் பார்க்கும் ஸ்கவுட்டாக நீ செப்டம்பரிலிருந்து மூன்று தடவை கார் ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்த அந்தச் சின்னக் கல்லூரிப் பையன், எல்லா அணிகளும் கூடிப் பிள்ளைகளைச் சோதிக்கும் இண்டியானாபொலிஸில் அளந்தபோது கை 32 அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் மேலே இருந்தது. ஓட்டமும் சுமார். உன் ஆபீஸ் மீட்டிங்கில் மேலே இருப்பவர் "கை குட்டை" என்று இரண்டே வார்த்தையில் முடித்து, அவன் பெயர் அட்டையைப் பலகையில் கீழே இறக்கிவிட்டார். அணிகள் முறை வைத்துக் கல்லூரிப் பிள்ளைகளை எடுக்கும் டிராஃப்டுக்கு முன்னால், ஏப்ரலில் கடைசி மீட்டிங். அங்கே வாயைத் திறப்பதா வேண்டாமா?

முதலில் கிறிஸ்துமஸ் அன்று நம் தெருவில் நடந்ததை நினைத்துப் பார். அப்பா மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு, நீ பார்க்கும் பிள்ளைகள் மாதிரி நானும் 40 கஜம் ஓடிக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினார். நம் தபால் பெட்டியிலிருந்து மூன்றாவது வீட்டு மேப்பிள் மரம் வரை நீ அடி அளந்து வைத்தாய். நீ ஒரு ஸ்டாப்வாட்ச், நான் ஒரு ஸ்டாப்வாட்ச். என் கணக்கில் 11.2 விநாடி, உன் கணக்கில் 11.7. ஒரே மனுஷன், ஒரே ஓட்டம். "அம்மா, அவர் கிளம்பினதைக் கண் பார்த்து, அப்புறம் உன் விரல் அழுத்துது. அதான் கையால எடுத்த டைம் எப்பவும் குறைச்சலா வரும்" என்று விளக்கினாய். அரை விநாடி அப்பாவுக்குச் சந்தோஷம், அவ்வளவுதான். நீ பார்க்கும் பிள்ளைகளுக்கு அரை விநாடி என்றால் குடும்பத்தின் தலையெழுத்து.

இந்த ஊரில் 34 வருஷம் இருந்துவிட்டேன். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாலையில் ஒரு கார் கிடையாது. ஊரே செத்துவிட்டதா என்று பயந்தேன். எல்லாரும் நம் பிட்ஸ்பர்க் ஃபுட்பால் அணியான ஸ்டீலர்ஸின் ஆட்டம் பார்க்கிறார்கள் என்று பக்கத்து வீட்டம்மாள்தான் சொன்னார். அப்புறம் அப்பா மஞ்சள் துண்டு ஒன்று வாங்கிவந்தார். பென் ஹில்ஸ் கோயிலில் பெருமாளைச் சேவித்துவிட்டுப் புளியோதரையை வாங்கிக்கொண்டு ஆட்டம் தொடங்குவதற்குள் வீடு திரும்புவது நம் வீட்டு வழக்கமாகிவிட்டது. அந்தக் கோயில் பிரகாரத்தில் ஓடியாடிய பெண் பிற்பாடு பிளேயர் பார்க்கும் ஸ்கவுட் வேலைக்குப் போவாள் என்று யார் கண்டது! நான் உன்னை டாக்டராக்கப் பார்த்தேன். அதை விடு.

இந்த ஊர்க்காரர்கள் ஆள் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள் என்று பெயர். அவர்கள் கோட்டைவிட்டதையும் கேள். ஜானி யுனைடஸ் இதே பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். 1955 டிராஃப்டில் ஒன்பதாம் சுற்றில் ஸ்டீலர்ஸ் எடுத்தது. சீசன் தொடங்குவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கட்டட வேலை பார்த்துக்கொண்டு, புளூம்ஃபீல்டில் ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு விளையாடினார். மறு வருஷம் பால்டிமோர் கூப்பிட்டது. அப்புறம் அவர் ஆடியதெல்லாம் சரித்திரம். 1983இல் டான் மரீனோ. ஓக்லண்டில் வளர்ந்து பிட் பல்கலைக்கழகத்தில் ஆடிய பிள்ளை. அவரைப் போலப் பந்து எறியும் குவார்ட்டர்பேக்குகள் ஐந்து பேர் அவருக்கு முன்னால் போய்விட்டார்கள். 21ஆவது முறை நம் ஊர் அணிக்கு வந்தபோதும் வேறு ஆளைத்தான் எடுத்தார்கள். 27ஆவதாக மயாமி தூக்கிக்கொண்டு போயிற்று. அப்பாவிடம் இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் டீ ஆறிப்போகும். 199ஆவதாக எடுக்கப்பட்டுப் பெரிய ஆளான டாம் பிரேடியின் கதையை நான் சொல்லப்போவதில்லை. உன் ஆபீஸில் சுவரெல்லாம் அதைக் கேட்டு அலுத்திருக்கும்.

நான் சொல்ல வந்தது பில் நன் கதை. நீ இந்த வேலையில் சேர்ந்த வாரம் அப்பா சொன்னார், உனக்கு அப்போது கேட்கப் பொறுமை இல்லை. நன் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின மக்களின் பத்திரிகையில் விளையாட்டு ஆசிரியர். வருஷா வருஷம் கறுப்பினக் கல்லூரிகளின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியல் போடுவார். ஸ்டீலர்ஸ் அந்தக் கல்லூரிகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அவருக்குக் கோபம். அவர்களைக் கண்டுகொள்ளாமலே இருந்தார். டான் ரூனி அவரைக் கூப்பிட்டுப் பேசி, குறை சொன்னவரையே 1967இல் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அலபாமாவில் ஏ அண்ட் எம் என்ற கல்லூரியில் ஜான் ஸ்டால்வர்த் என்று ஒரு பையன். பல அணிகளின் ஸ்கவுட்டுகள் ஒன்றாகப் போய் அவனை ஓடவிட்டார்கள். தரை ஈரம். டைம் மோசமாக வந்தது. எல்லாரும் குறித்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். நன் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தங்கிவிட்டார். மறுநாள் காய்ந்த தரையில் பையனைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். வேறு கால்கள்! யாரிடமும் மூச்சு விடாமல் ஊர் திரும்பினார். 1974 டிராஃப்டில் நான்காம் சுற்று வரை காத்திருந்து ஸ்டால்வர்த்தை எடுத்தார்கள். அதே வருஷம் எடுத்த லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், மைக் வெப்ஸ்டர், ஸ்டால்வர்த் நான்கு பேரும் ஃபுட்பால் புகழ் மண்டபத்துக்குப் போனார்கள். லாம்பர்ட்டும் கம்பில் அளந்து எடுத்த ஆள் இல்லை. மைதானம் நனைந்துபோய்க் கென்ட் ஸ்டேட்டில் கார் நிறுத்துமிடத்தில் பயிற்சி. அந்தச் சரளையில் பாய்ந்து விழுந்துவிட்டு, கையில் குத்திய கற்களைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்கு நின்றானாம். அதை நேரில் பார்த்தவர் அதற்கு மேல் என்ன அளக்க வேண்டும்? நன்னுக்கும் 2021இல் அந்த மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். அதற்குள் அவர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம்.

உடம்பு சரியில்லை என்று பொய் சொன்ன அந்தக் கதையை அப்பா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று உனக்குச் சொன்னதில்லை.

1989, சாத்தூர். என்னைப் பெண் பார்க்க வந்த மூன்றாவது குடும்பம் உன் அப்பா வீடு. முதலில் வந்தவர்கள் தங்கள் பெண்ணை என் பக்கத்தில் நிற்கவைத்து உயரம் பார்த்துவிட்டு, கடிதம் போடுகிறோம் என்று போனவர்கள்தான். இரண்டாவதாக வந்த வீட்டில் ஒரு பெரியம்மாள் ஊசியையும் நூலையும் கையில் கொடுத்துக் கோக்கச் சொன்னார். கண் பார்வைக்குச் சோதனை. "அந்தச் செம்புல தண்ணி கொண்டாம்மா" என்றார். தாகத்துக்கு இல்லை. நடையில் ஊனம் இருக்கிறதா என்று பார்க்க. சும்மாவா, இண்டியானாபொலிஸ் ஓட்டத்தை டிவியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே என்னவோ செய்யும். 300 பிள்ளைகளை அரை டிராயரோடு மேடையேற்றி, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை சாண் அளந்து, மூட்டு மூட்டாய் டாக்டர்கள் இழுத்துப் பார்த்து... போகட்டும்.

தரகர் மோர் குடிக்கப் போனபோது நோட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். நான் பிரித்துப் பார்த்தேன். என்னைப் பற்றி ஒரே ஒரு வரி. "மாநிறம், உயரம் மட்டு, பி.எஸ்ஸி. கணக்கு, வாய் ஜாஸ்தி." வாய் ஜாஸ்தியாம்! மண்ணெண்ணெய் அளவில் குறைத்தான் என்று ரேஷன் கடையில் ஒருநாள் சத்தம் போட்டிருந்தேன். அதைக் கடைக்காரன் யாரிடமோ சொல்லி, அவர் தரகரிடம் சொல்லி, என் குணம் என்று நோட்டில் ஏறிவிட்டது. நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நீ போனில் உன் ரிப்போர்ட்டை வாசித்தபோது, "சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான் என்று ஒரு கோச் சொன்னார்" என்று ஒரு வரி வந்ததே, அங்கேதான் எனக்கு உறுத்தியது. எந்தக் கோச்? எப்போது? எதைக் கேட்கவில்லை?

உன் அப்பா வீட்டில் வந்தவர் பெரியத்தை, உனக்கு அத்தைப் பாட்டி. அன்றைக்கு பஜ்ஜியைத் தின்றுவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். வெற்றிலைப் பெட்டியை இங்கே மறந்துவிட்டாராம். நான் தலையை அள்ளி முடிந்துகொண்டு ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கை குழவியில், வாய் உன் மாமாவுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது. தப்பாகப் போட்டால் திட்டு. வீடு முழுக்கப் பெட்டியைத் தேடினோம். அவர் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்டி அவர் மடியிலேயே இருந்தது என்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொன்னார். "பஜ்ஜித் தட்டு தூக்கிட்டு வரும்போது எல்லாப் பொண்ணும் ஒரே மாதிரிதாண்டி இருக்கும்" என்றார்.

கை அளவை என்ன செய்வது? அளவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், கணக்குப் படித்தவள். எதிராளியைத் தடுத்து நிறுத்தும் ஆளுக்குக் கை நீளம் இருந்தால் அவன் நெஞ்சில் முதலில் கை வைக்கலாம், அது உண்மைதானே. ஆனால் அதே வேலை பார்த்த ஜோ தாமஸுக்கும் கை 32.5 அங்குலம்தான். கிளீவ்லண்டுக்கு 10,363 ஸ்னாப் (பந்தை எடுத்து ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்) இடைவிடாமல் நின்றார். 2007இல் அவரை மூன்றாவதாக எடுத்தார்கள். முதலாவதாக எடுத்த ஜமார்கஸ் ரஸலுக்குத் தோள் பலமும் உயரமும் கம்பீரமும் இருந்தன, மூன்று சீசனில் எல்லாம் முடிந்தது. (தாமஸ் அன்றைக்கு டிராஃப்ட் விழாவுக்குப் போகாமல் தன் அப்பாவோடு மீன் பிடிக்கப் போனார். அந்தப் பையனை எனக்குப் பிடித்ததே அதனால்தான்.) போன வருஷம் வில் கேம்ப்பெல்லுக்கு இண்டியானாபொலிஸில் கை 32 சொச்சம், அவர் கல்லூரியில் திரும்ப அளந்தால் சரியாக 33. ஒரு மாதத்தில் கை வளர்ந்துவிட்டதா? அவரை நான்காவதாக எடுத்தார்கள்.

அதனால் மீட்டிங்கில் பேசு. ஆனால் "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று பேசாதே, எடுபடாது. அந்த அக்டோபர் ராத்திரி என்னிடம் சொன்னாயே, ஆட்டம் 30 புள்ளி தோல்வி, மழை, பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், அவன் மட்டும் கடைசி ஸ்னாப்பில் கூட எதிராளியைக் கோட்டைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனான் என்று. எத்தனையாவது நிமிஷம், யாருக்கு எதிராக, அதைச் சொல். படத்தைப் போட்டுக் காட்டு. அதற்கு மேலும் கீழே வைத்தார்கள் என்றால் வைத்துக்கொள்ளட்டும், நோட்டில் உன் வரி உன்னுடையதாக இருக்கும்.

இன்னொன்று. 2010இல் டிராஃப்டுக்கு முன்னால் டெஸ் பிரையன்ட் என்ற பையனிடம் மயாமி அணி மேலாளர் அவன் அம்மாவைப் பற்றிக் கேட்ட கேள்வியை நான் இந்தக் காகிதத்தில் எழுதமாட்டேன். அப்புறம் மன்னிப்புக் கேட்டார். நீ இருக்கும் அறையில் யாராவது அந்த மாதிரி கேட்டால் நீ எழுந்து வெளியே வந்துவிடு. வேலை போனால் சாப்பாட்டுக்கு இங்கே வா.

இந்த வருஷம் டிராஃப்ட் நம் ஊரில். ஏப்ரல் 23இலிருந்து மூன்று நாள். ஸ்டேடியத்தைச் சுற்றியும் பாயிண்ட் பார்க்கிலும் கூட்டம் நெரியப்போகிறது. அப்பாவின் நண்பர்களெல்லாம், உங்க பொண்ணு வருவாளே என்று கேட்கிறார்கள். அவள் அன்றைக்கு அவள் ஆபீஸில் பூட்டிய அறையில் இருப்பாள் என்று சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. வாய் ஜாஸ்திதான், இருந்தாலும்.

ஆனால் மாதக் கடைசியில் பிட் பிள்ளைகள் தங்கள் கல்லூரியிலேயே ஓடிக் காட்டும் புரோ டேவுக்கு வருகிறேன் என்றாயே, அப்போது ஓட்டல் எடுக்காதே. உன் அறையில் இருந்த சைக்கிள் மெஷினை எடுத்துவிட்டோம். முந்தின நாளே மாவு அரைத்துவிடுவேன். அப்பா தினமும் காலையில் வேகமாக நடக்கிறார், 11 விநாடிக்குள் வந்துவிடுவாராம். ஸ்டாப்வாட்ச் இரண்டையும் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அம்மா