சீனோவின் பாதியும் பண்ணை வீதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாதி, பிறகு மிச்சத்தில் பாதி என்று முடிவில்லாமல் போனால் போய்ச்சேரவே முடியாது என்ற, பண்டைய கிரேக்க மெய்யியலாளர் சீனோவின் புதிரை ஏதோ மாயம் போலப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறோம். கணக்கைப் போட்டுக் காட்டுவதே மேல்.

பண்ணை வீதியில் 1 கிலோமீற்றரை மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் சைக்கிளில் கடக்க 300 செக்கன். முதற் பாதிக்கு 150, அடுத்ததற்கு 75, பிறகு 37.5. தூரத்தோடு நேரமும் பாதியாகிறது. புதிர் கண்டுகொள்ளாதது இதைத்தான். 10 தரம் பாதியாக்க மிச்சம் 98 சென்ரிமீற்றர், 20 தரத்தில் 1 மில்லிமீற்றரிலும் குறைவு.

1/2 + 1/4 + 1/8 … என்ற இத்தொடரின் முதல் n உறுப்புகளின் கூட்டுத்தொகை 1 − 1/2ⁿ. இதன் எல்லை, அதாவது n பெருகப் பெருக இது அணுகும் எண், 1. "கிட்டத்தட்ட 1" என்று எழுதுவது பிழை. முடிவிலித் தொடரின் கூட்டுத்தொகை என்பதே அந்த எல்லைதான்.

உயர்தர மாணவர் வழுக்குவது இன்னோரிடத்தில். தொடருக்குக் கூட்டுத்தொகை இருக்க, உறுப்புகள் பூச்சியத்தை அணுகினால் போதும் என நினைக்கிறார்கள். போதாது: 1 + 1/2 + 1/3 + 1/4 … எல்லையின்றி வளரும். முதல் உறுப்பு a ஆகவும் ஒவ்வோர் உறுப்பும் முந்தையதன் r மடங்காகவும் உள்ள பெருக்கல் விருத்திக்கு மட்டுமே கூட்டுத்தொகைக்கான a/(1−r) சூத்திரமும், அதுவும் r ஆனது −1 இற்கும் 1 இற்கும் இடையில் இருந்தால். r = 2 போட்டு மறை விடை எடுத்துவிட்டு யோசியாமல் அதன் கீழ் கோடு கீறுவோர் உண்டு.

கணித ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.