லோஃப் கேட்டால் சாம்பார் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வந்த இறைச்சியில்லாத லோஃப் (டின்னில் அழுத்தி ஓவனில் சுட்டு, ரொட்டி மாதிரி துண்டு போடுவது) குறிப்பைப் பார்த்துச் செய்தேன். ‘மசூர் ஒரு கப்’ என்று மட்டும் போட்டிருந்தீர்கள். மசூர் என்றால் மைசூர் பருப்புதானே என்று நான் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதை வாங்கினேன். அது தோல் நீக்கி உடைத்தது, கால் மணி நேரத்தில் கூழாகிவிட்டது. டின்னைக் கவிழ்த்தால் கெட்டிச் சாம்பார்தான் விழுந்தது. வீட்டுக்காரர் அதற்கு இரண்டு இட்லி கேட்டார்!

இங்கே மாட்டுங்காவில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு குஜராத்தி அம்மா இருக்கிறார். அரிசியும் பருப்பும் அரைத்துப் புளிக்கவைத்து, சுரைக்காய் துருவிப் போட்டு ஹாண்ட்வோ என்கிற காரக் கேக் செய்வதில் கெட்டிக்காரர். எட்டிப் பார்த்துவிட்டு, “ஈரம் ஜாஸ்தி” என்றார், அவ்வளவுதான்.

அடுத்த முறை தோலோடு இருக்கும் முழு மசூரை வேகவைத்து, வடிதட்டில் அரை மணி நேரம் வைத்தேன். பாதியை மட்டும் மசித்து, வெந்த தினை, ஓட்ஸ், சிவக்க வதக்கிய வெங்காயம், மிளகு, சோம்பு சேர்த்தேன். முட்டைக்குப் பதில் இரண்டு ஸ்பூன் ஆளி விதைப் பொடியை ஆறு ஸ்பூன் தண்ணீரில் ஊறவைத்தால் கொழகொழவென்று வரும், அதுதான் பிடிப்பு. 180 டிகிரியில் 50 நிமிடம். அப்புறம் 20 நிமிடம் ஆறவிட வேண்டும். சூட்டில் வெட்டினால் உதிரும்.

துண்டு துண்டாக வந்தது. தக்காளித் தொக்கு தொட்டுச் சாப்பிட்டோம். இனி எந்த மசூர் என்று தயவுசெய்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மாட்டுங்கா, மும்பை