பேர்மிட்டில் யார் பெயர்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு வன்முறை பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளை விடாமல் வாசிப்பவள் நான். பெண்ணை அடிப்பது எங்கள் கலாசாரத்தில் ஊறியது என்று யாராவது சொல்லும்போது மனம் பொறுப்பதில்லை. எந்தக் கலாசாரம்?

மட்டக்களப்பில் குடி, அதாவது குலம், தாய்வழியாக வருகிறது. கோயில் திருவிழாவில் உரிமை கேட்பதும் தாயின் குடியை வைத்துத்தான். மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். முன்பு முக்குவர் சட்டம் என்று இந்தப் பக்கத்து வழக்கச் சட்டம் ஒன்று இருந்தது. அதன்படி முதுசம் பெண்வழியாக இறங்கியது. 1876 இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அது செல்லாமல் போனது. யாழ்ப்பாணத்துக்குத் தேசவழமை என்ற அவர்களுடைய வழக்கச் சட்டம் மிஞ்சியது, எங்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் வழக்கம் விட்டுப்போகவில்லை. வீட்டையும் வளவையும் மகள் பெயரில் சீதன உறுதி எழுதுவது இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இன்றைக்கும் உண்டு. அந்த வீட்டைக் கட்டுவதற்காகத் தாய்மார் வெளிநாட்டில் போய் மாடாய் உழைப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அந்த வீடு என்ன செய்யும் என்று எங்கள் ஒழுங்கையிலேயே கண்டேன். குடித்துவிட்டு மனைவியை அடித்த ஒருவரின் உடுப்புப் பையை மாமியார் கொண்டுபோய் வாசலில் வைத்தார். ஒரு பக்கம் மச்சாள் வீடு, மறுபக்கம் பெரியம்மா வளவு. எல்லோரும் வந்து நின்றார்கள். மனிதர் தன் தாய் வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டுத் தலைகுனிந்து திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் கேட்டதில்லை.

என் சின்னம்மாவுக்கு அது வாய்க்கவில்லை. அவர் வாழ்க்கைப்பட்டது கொலனியில், அதாவது அரசாங்கம் காணி கொடுத்துக் குடியேற்றிய ஊரில். அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியாத காலத்தில், 1949 இல், தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் காணியும் அதற்கான அனுமதிப்பத்திரமும், அதாவது பேர்மிட்டும், குடும்பத் தலைவருக்கென்று கொடுக்கப்பட்டன. தலைவர் என்றால் ஆண்தானே! 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் வாரிசு வரிசையில் மகனை முன்னுக்கும் மகளைப் பின்னுக்கும் வைத்தது. பெண்வழியில் சொத்து இறங்கிய மண்ணில் அரசாங்கமே ஆண்வழியை நட்டுவிட்டது. கொலனியில் பிறந்து வளர்ந்த பொடியனுக்கு வீடு அப்பாவுடையது, வயல் அப்பாவுடையது. அம்மா அடிவாங்குவதும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

ஒருநாள் சின்னம்மா முகம் வீங்கிப்போய்ப் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனார். "குடும்பப் பிரச்சினை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். சிறு காயம் என்றால் நீதிமன்றத்துக்குப் போகமுன் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டும் என்பது 1988 ஆம் ஆண்டுச் சட்டம். வரம்புச் சண்டைக்கும் மாட்டுச் சண்டைக்கும் அது நல்லது, நானும் ஒத்துக்கொள்கிறேன். அடித்தவனையும் அடிவாங்கியவளையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திவைத்து "அனுசரித்துப் போ பிள்ளை" என்று சொல்வதற்கு அது இடமாகலாமா?

2005 இல் வந்த வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். இருவரும் சேர்ந்து வாழும் வீட்டுக்குள் அடித்தவர் கால் வைக்கக்கூடாது என்று 12 மாதம் வரை தடுக்கலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸாரே விண்ணப்பிக்கலாம். சின்னம்மாவுக்கு அன்று இதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் போயிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். "கட்டளை முடிஞ்சா வீடும் வயலும் அவர்ட பேரிலதானே இருக்கு, நான் எங்க போறது?" என்று பின்னொரு நாள் என்னிடம் கேட்டார்.

2022 இல் அந்தக் காணிச் சட்டம் திருத்தப்பட்டு, வாரிசு வரிசையில் ஆண் பெண் பேதம் நீக்கப்பட்டது. கொலனிகளில் எத்தனை பெண்களுக்கு இது போய்ச் சேர்ந்திருக்கிறது? பிரதேச செயலகங்கள் நடமாடும் சேவை வைக்கும்போது பேர்மிட்டை எடுத்துவரச் சொல்லி, அதில் யார் பெயர், வாரிசாக யார் பெயர் என்று பெண்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும். இதை உங்கள் பத்திரிகையும் எழுதவேண்டும் என்று கேட்கிறேன்.

சின்னம்மாவின் பேர்மிட்டில் இன்னும் சித்தப்பாவின் பெயர். வாரிசு இடத்தில் மூத்த மகன். மகள்மார் இரண்டு பேரும் அந்த வளவுக்குள்தான் வீடு கட்டி இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களுவாஞ்சிகுடி