மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்: இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வைங்க

பெருநகர சென்னை மாநகராட்சி மேயர், கமிஷனர், வருவாய்த்துறை அதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் லீவு நாள்ல கேமராவ எடுத்துக்கிட்டு மண்ணடி, சௌகார்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர்னு சுத்துற ஆளு. கோபுரத்தையும் சென்ட்ரல் ஸ்டேஷனையும் எடுக்க நிறைய பேர் இருக்காங்க, நான் எடுக்கறது திண்ணை, சைக்கிள் கடை, நம்பர் எழுதின பலகைய ஒண்ணொண்ணா சொருகி மூடுற பழைய மளிகைக்கடை, பெயிண்ட்ல கையால எழுதின போர்டு, தெருமுனையில கரிப்பெட்டி வச்சு அயர்ன் பண்ற வண்டி, இந்த மாதிரி. ஒரு தடவை எடுத்த வீட்டை அடுத்த தடவை போய் பாத்தா பச்சை வலை கட்டி இருக்கு, அதுக்கப்புறம் போனா கீழ கார் பார்க்கிங் வச்சு அஞ்சு மாடி நிக்குது.

இடிக்கக்கூடாதுன்னு சொல்ல இந்த மடல எழுதல. மெட்ராஸ் டெரஸ், அதாவது மரச்சட்டத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சு போட்ட பழைய கூரை, ஒழுகுற வீட்டுல ஐப்பசி கார்த்திகை மழைய ஓட்டறது எவ்ளோ கஷ்டம்னு உள்ள இருக்கறவங்களுக்குத்தான் தெரியும், அண்ணன் தம்பிங்க பாகம் பிரிக்கணும்னா பில்டர்கிட்ட குடுக்கறத தவிர பல குடும்பத்துக்கு வேற வழியும் இல்ல. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இடிக்க பர்மிஷன் குடுக்கறீங்கல்ல, குடுக்கறதுக்கு முன்னாடி அந்த கட்டிடத்தையும் அது இருக்கற தெருவையும் ஒழுங்கா போட்டோ எடுத்து, தேதி போட்டு, ஜனங்க யார் வேணா பாக்கற மாதிரி வைங்க.

இது நடக்காத காரியம் இல்ல. நியூயார்க்ல 1939லேர்ந்து 1941க்குள்ள அந்த ஊரோட வரி டிபார்ட்மென்ட் அஞ்சு பரோலயும் (ஊரோட பெரிய பிரிவுங்க) இருந்த ஒவ்வொரு கட்டிடத்தையும் போட்டோ எடுத்துச்சு. 7 லட்சத்துக்கும் மேல படம். கலைக்காக யாரும் எடுக்கல, சொத்துவரி சரியா போடணும்னு எடுத்தது. பக்கத்துல ஒரு ஆள் நம்பர் போர்டு பிடிச்சுக்கிட்டு நிப்பாரு, எந்த பிளாக் எந்த மனைன்னு அதுல இருக்கும். இன்னிக்கு அது மொத்தமும் இணையத்துல இருக்கு, அந்த ஊர்க்காரங்க தன் தாத்தா குடியிருந்த வீடு, பாட்டி காய்கறி வாங்கின கடைன்னு தேடி எடுத்து பிரிண்ட் போட்டு வீட்ல மாட்டறாங்க. சொத்துவரி உங்ககிட்டயும்தான் இருக்கு, அளக்க ஆளும் வர்றாங்க, அசெஸ்மென்ட் நம்பரும் இருக்கு. அந்த நம்பரோட ஒரு முகப்புப் படம் சேர்ந்தா போதும்.

நம்ம ஊர்லயே இதுக்கு முன்னோடி உண்டு, அத நெனச்சாதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. 1850கள்ல மெட்ராஸ் மாகாண அரசாங்கம் லின்னியஸ் ட்ரைப்னு ஒரு ராணுவ அதிகாரிய சம்பளம் குடுத்து அரசு போட்டோகிராபரா போட்டுச்சு. அவர் மாட்டுவண்டியில கேமராவயும் கெமிக்கலயும் ஏத்திக்கிட்டு போய் 1858ல மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை எல்லாம் எடுத்தாரு, இன்னிக்கும் பெரிய கோயில் அப்போ எப்படி இருந்துச்சுன்னு ஆராய்ச்சி பண்றவங்க அந்த படத்தைத்தான் எடுத்துப் பாக்கறாங்க. கொஞ்ச வருஷத்துலயே செலவு அதிகம்னு சொல்லி அந்த வேலைய நிறுத்திட்டாங்க. இப்போ அந்த சாக்கும் சொல்ல முடியாது, உங்க ஊழியர் ஒவ்வொருத்தர் கையிலயும் கேமரா வச்ச போன் இருக்கு.

பெரிய கட்டிடத்துக்காவது யாராவது கேஸ் போடுவாங்க. அண்ணாசாலையில இருக்கற பாரத் இன்சூரன்ஸ் பில்டிங்க 2006ல இடிக்க ஆரம்பிச்சப்போ கோர்ட்டுக்கு போய் நிறுத்தினாங்க. 2012ல பாரம்பரியத்துக்குன்னு தனி சட்டமே வந்துச்சு. ஆனா அந்த சட்டத்துல சைக்கிள் கடை வராது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வராது, முட்டுச்சந்துல இருக்கற அஞ்சு குடித்தன வீடு வராது. 1970ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சு கட்டின மாடி வீடுங்கள பாருங்க, பல இடத்துல அத இடிச்சிட்டு புதுசா கட்டறாங்க, கட்டட்டும், சிமென்ட் பேந்து விழற வீட்ல யாரும் இருக்கக்கூடாது. ஆனா அந்த படிக்கட்டுல உக்காந்து படிச்சு வேலைக்கு போன பசங்க இருக்காங்க, அந்த வராண்டாவுலதான் எத்தனையோ கல்யாணத்துக்கு பூ கட்டி இருக்காங்க, கீழ பம்பு பக்கத்துல கலர் கலரா குடம் வரிசை. அத பாரம்பரியம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, அதனாலதான் அத எடுத்து வைக்கற வேலை மாநகராட்சிக்கு வருதுன்னு நான் சொல்றேன்.

சென்ட்ரல் பக்கத்துல இருந்த மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சு போச்சு. சிவப்பு கட்டிடத்தோட வெளித்தோற்றம் நிறைய கிடைக்குது, உள்ள பழைய புத்தகத்த எப்படி அடுக்கி வச்சிருந்தாங்க, பேரம் பேசற முகம் எப்படி இருக்கும்னு பாக்க நான் தேடித்தேடி அலைஞ்சிருக்கேன், கிடைக்கறது ரொம்ப கம்மி. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008ல மூடினாங்க, அந்த இடத்துலதான் செம்மொழிப் பூங்கா வந்துச்சு. சாந்தி தியேட்டர் 2016ல போச்சு, உதயம் 2024ல. தியேட்டர் முகப்பு எல்லார் போன்லயும் இருக்கும். டிக்கெட் கவுன்டர் ஜன்னல், இன்டர்வெல்ல பாப்கார்ன் விக்கற இடம், சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கன் குடுக்கற பெரியவர், இதெல்லாம் யாராவது எடுத்தாங்களா?

எப்படி எடுக்கணும்னும் சொல்லிடறேன், ஏன்னா இதுலதான் எல்லாம் வீணாகுது. முகப்புக்கு நேரா நின்னு ஒண்ணு, ரெண்டு பக்கத்து வீடும் தெரியற மாதிரி ஒண்ணு, தெரு மொத்தமும் ஒண்ணு. வீட்டுக்காரங்க சம்மதிச்சா மட்டும் உள்ள போய் திண்ணை, முற்றம், கிணறு, சிவப்பு ரெட் ஆக்சைடு தரை, மரப்படி. வேணாம்னு சொன்னா விட்டுடுங்க, கடைக்காரர் முகம் எடுக்கறதா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் எடுக்கணும், பொம்பளைங்க குளிக்கற துவைக்கற பக்கம் கேமராவே போகக்கூடாது. அப்புறம் பழைய நம்பர், புது நம்பர் ரெண்டையும் எழுதுங்க, சென்னையில ஒரு நம்பர மட்டும் வச்சுக்கிட்டு எந்த வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது. தெருப்பேர் மாறி இருந்தா பழைய பேரும் வேணும். தயவுசெஞ்சு வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வாங்காதீங்க, அதுல அனுப்பினா படம் சுருங்கிடும், படத்துக்குள்ள இருக்கற தேதி இடம் எல்லாம் போயிடும், அப்புறம் அது எந்த வருஷத்து எந்த தெருன்னு யாருக்கும் தெரியாது.

எடுத்தத உங்க சர்வர்ல மட்டும் வைக்காதீங்க, ஒரு காப்பி எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்கோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கோ குடுங்க. தாள்ல இருக்கறத பத்திரமா வைக்கத் தெரிஞ்சவங்க அவங்க, இதையும் பாத்துப்பாங்க.

இன்னொரு விஷயம். நாங்க சும்மா எடுத்தாலே ஆயிரம் கேள்வி வருது. ஒரு மார்க்கெட்ல யார்கிட்டயோ அனுமதி வாங்கணும்னு நிறுத்தி வச்சாங்க, யார்கிட்டன்னு கேட்டா அங்க இருந்த யாருக்கும் சொல்லத் தெரியல. கடைக்காரங்க பயப்படறதுல நியாயம் இருக்கு, போட்டோ எடுத்துட்டு போனா அடுத்த வாரம் ஆக்கிரமிப்புன்னு நோட்டீஸ் வரும்னு அவங்களுக்கு அனுபவம். அதனால இந்த படங்கள வச்சு யார் மேலயும் நடவடிக்கை எடுக்க மாட்டோம், தெருவோரக் கடைய காலி பண்ண இத பயன்படுத்த மாட்டோம்னு நீங்க எழுத்துல குடுக்கணும். அது இல்லாம இந்த வேலை நடக்காது, நடந்தாலும் நான் அதுல சேர மாட்டேன்.

எல்லா மண்டலத்துலயும் ஒரே நாள்ல ஆரம்பிக்க சொல்லல. ஜார்ஜ் டவுன்ல ஆரம்பிங்க, ஊரோட ரொம்ப பழைய தெருக்கள்ல பல அங்கதான் இருக்கு. இடிக்க பர்மிஷன் கேட்டு வர்ற அப்ளிகேஷன்ல நம்பரையும் தெருவையும் மட்டும் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்க, ஓனர் விவரம் வேணாம். அடையாளம் காட்ட மாநகராட்சி சீல் வச்ச ஒரு லெட்டர் குடுங்க. சென்னை தினம்னு ஆகஸ்ட்ல போட்டோ வாக் போற குரூப்ல இருக்கறவங்க, காலேஜ் பசங்க, என்ன மாதிரி ஆளுங்க, காசு வாங்காம வந்து எடுத்துக் குடுப்போம். இந்த வடகிழக்கு பருவமழை ஆரம்பிக்கறதுக்குள்ள பதில் சொன்னீங்கன்னா நல்லது, ஒழுகுற வீடுங்கள்ல பாதி மழை முடிஞ்ச கையோட இடிக்கத்தான் போறாங்க.

இப்படிக்கு,
சென்னையில போட்டோ எடுக்கற ஒருத்தர்