எழுத்துரு ஏன் எக்ஸ்இயாக வருகிறது? – மென்பொருள் குழு அட்மின்மாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின்மாருக்கு,

ஹட்டனில் டைப்பிங், போட்டோகொப்பி கடை வைத்திருக்கிறேன். நீங்கள் நடத்தும் மென்பொருள் பகிரும் குழுக்களில் வந்தவற்றை வைத்துத்தான் கடையையே தொடங்கினேன். (காசு கட்டாமல் பூட்டை உடைத்த கிராக் கோப்புகள் தனிக் கதை, அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.)

போன மாதம் ஒரு குழுவில் பாமினி எழுத்துரு என்று ஒரு கோப்பு வந்தது. எழுத்துரு என்றால் டிடிஎஃப் கோப்பாக இருக்கும்; இது எக்ஸ்இ, அதாவது அமுக்கினால் கணினியில் ஓடத் தொடங்கும் நிரல். அவசரத்தில் அமுக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் ஒரு வால் முளைத்தது, எதுவும் திறக்கவில்லை. ஆட்களின் பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன், வேலைக்கு அனுப்பும் பயோடேட்டா, தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் போச்சு. அப்புறம் குழுவில் தேடிப் பார்த்தால், "எழுத்துரு ஏன் எக்ஸ்இயாக வருகிறது?" என்று ஒரு தம்பி முதல் நாளே கேட்டிருக்கிறார். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

இறக்குகிறவர்தான் பார்த்து இறக்க வேண்டும் என்கிறீர்கள். பைதன் மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல் பொதிகளைப் பகிரும் பைபிஐ தளமே 2023 மே மாதம் புதிய ஆட்களும் புதிய பொதிகளும் பதிவதைத் தற்காலிகமாக நிறுத்தியது. கெட்ட பொதிகள் வந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, நிர்வாகிகள் சிலர் லீவில் வேறு. நிரல் எழுதுகிறவர்களுக்கே வாசலில் ஆள் வேண்டியிருக்கிறது.

ஆள் வைத்தால் மட்டும் போதாது, சரி. எக்ஸ்இசட் என்பது லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள். 2024 மார்ச்சில் பிடிபட்ட அதன் விவகாரத்தில், கள்ளமாக உள்ளே நுழையப் பின்கதவு வைத்தவர் வருடக்கணக்கில் உதவி செய்து பராமரிப்பாளராகவே ஆனவர். தனியாளாகக் களைத்திருந்த பழைய பராமரிப்பாளர் அவரை நம்பினார். லொகின் அரை செக்கன் பிந்துகிறதே என்று வேறொருவர் நோண்டப்போய்த்தான் அது வெளியே வந்தது. அதனால் குழுவின் சாவியை ஒருவரிடமே விடாதீர்கள், நான்கைந்து பேர் முறைவைத்துப் பாருங்கள். எக்ஸ்இ, ஏபிகே (போன் செயலி) கோப்புகள் ஒருவர் பார்த்த பிறகே குழுவுக்குள் வரட்டும். செய்தவரின் சொந்தத் தளத்திலேயே கிடைக்கிறதென்றால் கோப்பு எதற்கு, லிங்க் போதும்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் முற்றல் இலையைப் பொறுக்கி எறிந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். காரணம் சொல்லாமல் கிலோவை வெட்டினால்தான் சண்டை. ஆகவே எதையாவது நீக்கினால் காரணத்தையும் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடை அரை நாள். மத்தியானத்துக்குப் பிறகு கோப்பு பார்க்கும் முறைக்கு என் பேரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் டைப்பிங் கடைக்காரன்